இறாலுக்குத் தடுப்பூசி உண்டா?

(கடலோர ஊர் ஒன்றில், பண்ணைத் தொழிலாளரும் மில் தொழிலாளரும் கூடிய வகுப்பில் பேசியதன் வாசகம்)



மாட்டுக்குக் கோமாரி வராமல் ஊசி போடுகிறார்கள். கோழிக் குஞ்சுக்குக் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டு ராணிக்கெட் நோயைத் தடுக்கிறார்கள். நம் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் அட்டை போட்டுக் கொடுத்து, மாதக் கணக்கு வைத்து ஊசி போடுகிறார்கள். "இந்த இறாலுக்கு மட்டும் ஏன் ஊசி இல்லை? விஞ்ஞானிகளுக்கு மனம் இல்லையா, அல்லது பணம் இல்லையா?" என்று கேட்டார், இறால் குட்டையில் இராக்காவல் இருக்கும் தோழர் ஒருவர்.

நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் அடுப்பு இருக்கிறது. குட்டையில் இறால் செத்தால் முதலாளிக்கு நஷ்டம்; உண்மைதான். ஆனால் தீவனம் போடுகிறவன், காற்றுச் சக்கரம் ஓட்டுகிறவன், இரவெல்லாம் டார்ச் விளக்கோடு கரையைச் சுற்றுகிறவன், அறுவடை நாளில் வலை இழுக்கிறவன், ஷெட்டில் விரல் மரத்துப் போகும்படி ஐஸில் கை வைத்து இறால் உரிக்கும் பெண்கள் ஆகிய அத்தனை பேருக்கும் அன்றோடு வேலை போகிறது. மில் தோழர்கள் சிலர் "இறாலுக்கும் தறிக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைக்கலாம். உங்கள் தங்கையும் மைத்துனியும் எந்த ஷெட்டுக்குப் போய் வருகிறார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்; சம்பந்தம் தெரியும்.

முதலில் நோயைப் பார்ப்போம். இறாலுக்கு வரும் நோய்கள் பல. ஆனால் நம் கரையில் குட்டைகளைக் கூட்டங்கூட்டமாகக் காலி செய்ததில் முதல் இடம் வெள்ளைப்புள்ளி நோய்க்குத்தான். 1992, 1993-ம் ஆண்டுகளில் தைவான், சீனா, ஜப்பான் பக்கத்தில் அது தலைகாட்டியது. 1994-ல் நம் கிழக்குக் கரைக்கு வந்துவிட்டது. அன்று இங்கே வளர்த்தது கறுப்பு வரி இறால். பாங்கிக் கடனும், நகை அடகும், கூட்டாளி பணமும் குட்டைத் தண்ணீரில் கிடந்த நேரம் அது. முதல் நாள் இறால் தீவனத் தட்டைத் தொடாது. அடுத்த நாள் கரையோரம் மேலே வந்து மயங்கி நிற்கும். உடம்பு செவ்வரி ஓடும். தலை ஓட்டை உரித்துப் பார்த்தால் உட்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். மூன்றிலிருந்து பத்து நாளுக்குள் குட்டை முழுவதும் சவம். மிச்சம் வைக்காத நோய் அது.

(வயலை உப்புக் குட்டையாக்கலாமா, அதனால் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவன் கதி என்ன என்பது வேறு வழக்கு. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பளித்ததும், பின்னால் 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென ஒரு சட்டம் வந்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதைப் பேச ஒரு நாள் வேண்டும். இன்று குட்டை இருக்கிறது, அதில் நம் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்ற இடத்திலிருந்து பேசுகிறோம்.)

இந்த நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ். வைரஸ் என்றதும் சிலர் பயந்து, செத்த இறாலைத் தொட்டால் நமக்கு ஒட்டுமா என்று கேட்கிறார்கள். ஒட்டாது. இறால், நண்டு இனங்களைத்தான் அது பிடிக்கும். மனிதனை அது ஒன்றும் செய்யாது; மனிதனுடைய கூலியைத்தான் செய்யும்.

சரி, ஊசி என்றால் என்ன? அதைத் தெரிந்துகொண்டால்தான் இறாலுக்கு ஏன் இல்லை என்பது விளங்கும்.

மில் கேட்டில் நிற்கும் காவல்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு திருடன் ஒரு முறை உள்ளே வந்து பிடிபட்டால், அவன் முகம் காவல்காரனுக்கு மனதில் பதிந்துவிடுகிறது. பத்து வருஷம் கழித்து வந்தாலும் கேட்டிலேயே மடக்கிவிடுவான். நம் ரத்தத்தில் அப்படிப்பட்ட காவலர் உண்டு. கிருமியின் முகத்தை நினைவில் வைத்து, அந்தக் கிருமிக்கென்றே அளவெடுத்துத் தைத்த எதிர்ப்பொருளைத் தயார் செய்துவைப்பார்கள். ஊசி மருந்து என்பது திருடனைக் கட்டிப்போட்டு, அல்லது அவன் சட்டையை மட்டும் கொண்டுவந்து, "இவன்தான், பார்த்துக்கொள்" என்று காவலருக்குக் காட்டுவது. 1796-ல் இங்கிலாந்தில் ஜென்னர் மாட்டம்மைப் பாலை எடுத்துச் சிறுவனுக்குக் குத்தியபோது இந்த விவரம் ஒன்றும் யாருக்கும் தெரியாது. ஆனால் நடந்தது இதுதான். அந்த வழியில் போய்த்தான் 1980-ல் உலகத்தில் பெரியம்மையே இல்லை என்று அறிவிக்க முடிந்தது. 2011-ல் மாட்டு வெக்கை நோயும் அப்படியே ஒழிந்தது.

இந்த நினைவுச் சக்தி மனிதனுக்கு உண்டு, மாட்டுக்கு உண்டு, கோழிக்கு உண்டு, மீனுக்கும் உண்டு. மீனுக்குமா என்று கேட்கலாம். நார்வே தேசத்தில் சால்மன் மீன் வளர்க்கிறார்கள். 1987-ல் அந்த மீன்களுக்கு நோய் வராமலிருக்க சுமார் 50 டன் ஆன்டிபயாடிக் மருந்தைக் கொட்டினார்கள். பிறகு ஊசி கண்டுபிடித்தார்கள். குஞ்சு மீனைக் கடல் கூண்டில் விடுமுன் ஒவ்வொன்றாக வயிற்றில் குத்துகிறார்கள். பத்து வருஷத்துக்குள் அந்த மருந்துச் செலவு வருஷத்துக்கு ஒரு டன்னுக்கும் கீழே வந்தது. மீன் உற்பத்தியோ பல மடங்கு ஏறியது. ஊசியின் சக்தி அப்படி! அதனால்தான் இறால்காரர்களுக்கும் ஆசை வந்தது.

ஆனால் இறால் மீன் அல்ல. பேச்சில் நாம் எல்லாவற்றையும் மீன் என்கிறோம். சந்தையில் ஒரே கூடையில் வைக்கிறோம். மீனுக்கு முதுகெலும்பு உண்டு, இறாலுக்குக் கிடையாது. அது நண்டுக்கும் பூச்சிக்கும் பங்காளி. அதன் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு. அதனால் சிவப்பில்லை, லேசான நீலச் சாயல். அந்த ரத்தத்திலும் காவலர் உண்டு. அந்நியன் வந்தால் விழுங்குவார்கள், சூழ்ந்துகொண்டு கட்டிப்போடுவார்கள், காயம் பட்ட இடத்தைக் கறுப்பாக்கி அடைப்பார்கள். இறாலின் ஓட்டில் கறுப்புத் தழும்பு பார்த்திருப்பீர்கள், அது அந்தச் சண்டையின் அடையாளம். ஆனால் நமக்கிருப்பது போல, முகம் பார்த்து எதிர்ப்பொருள் தயாரிக்கும் ஏற்பாடு அதற்கு இல்லை. ஆகவே, மாட்டுக்குப் போடும் அர்த்தத்தில் இறாலுக்குத் "தடுப்பூசி" என்று ஒன்று செய்ய முடியாது. விஞ்ஞானி சோம்பேறி என்பதல்ல காரணம். இறாலின் உடம்பே அப்படி.

அதோடு கதை முடிந்துவிட்டதா? இல்லை. ஜப்பானில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். வெள்ளைப்புள்ளி வந்து தப்பிப் பிழைத்த குருமா இறால்களுக்கு மறுபடியும் அதே வைரஸைக் கொடுத்தபோது, சில வாரங்களுக்கு அவை தாங்கின. எதிர்ப்பொருளே இல்லாத பிராணி எப்படித் தாங்கியது? இன்றுவரை விஞ்ஞானிகள் இதில் ஒரே அபிப்பிராயத்துக்கு வரவில்லை. ஆனால் வாசல் கொஞ்சம் திறந்தது.

ஹாலந்தில் வாகனிங்கன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் அந்த வாசலில் நுழைந்தார்கள். வைரஸின் மேல் சட்டையில் வி.பி.28 என்று ஒரு புரதம் இருக்கிறது. அதைப் பாக்டீரியாவில் தயார் செய்து, பாக்டீரியாவைச் செயலிழக்க வைத்து, தீவனத்தில் பூசி, கறுப்பு வரி இறாலுக்குத் தின்னக் கொடுத்தார்கள். பிறகு வைரஸ் கலந்த தண்ணீரில் விட்டார்கள். 2004-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கு இது: மருந்து கொடுத்து ஏழு நாள் கழித்து நோயைக் கொடுத்தால், சாக வேண்டிய நூற்றில் 77 பிழைத்தன. இருபத்தொரு நாள் கழித்துக் கொடுத்தால் 29 தான் பிழைத்தன.

கணக்கு தெரிந்தவர்கள் நாம், போட்டுப் பார்ப்போம். இன்று நம் குட்டைகளில் பெரும்பாலும் வளர்ப்பது வனாமி. குஞ்சு விட்டு அறுவடை வரை நூறு நாள், நூற்றிருபது நாள். மருந்தோ மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் வலுவிழக்கிறது. அப்படியானால் பயிர் முழுவதும் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊசியாகப் போடலாமா? சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல் விடக் கூடாது என்பது விதி. அந்த விதிப்படி விட்டாலே ஒரு ஹெக்டேர் குட்டையில் ஆறு லட்சம் இறால். ஆறு லட்சத்தைப் பிடித்து ஒவ்வொன்றாகக் குத்துவது யார்? பிடிக்கிற பிடியிலேயே பாதி செத்துப்போகும். தீவனத்தில் கொடுத்தால், தண்ணீரில் கரைவது பாதி, குடலில் செரிப்பது பாதி. எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் தொட்ட இறால் செய்யும் முதல் வேலை தீவனத்தை நிறுத்துவது. யாருக்கு மருந்து அவசரமோ அவன் வாய் திறப்பதில்லை! ஆராய்ச்சிசாலைத் தொட்டியில் ஜெயித்தது குட்டையில் வந்து ஏன் தடுமாறுகிறது என்பது இப்போது தெரிகிறது அல்லவா?

இன்னொரு வழியும் இருக்கிறது. அது இன்னும் நுட்பமானது. வைரஸ் செல்லுக்குள் புகுந்து, "இதைச் செய், அதைச் செய்" என்று ஆர்.என்.ஏ. என்னும் சீட்டுகளில் உத்தரவு எழுதி விநியோகிக்கிறது. உயிர்களின் செல்லுக்குள் ஒரு கத்தரிக்கோல் உண்டு; இரட்டை இழையாக ஒரு சீட்டு வந்தால் அதைச் சந்தேகித்து வெட்டும், அதன் பிரதியாக எங்கே எது கிடைத்தாலும் தேடி வெட்டும். 1998-ல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்டவர்கள் ஃபயர், மெல்லோ என்ற இரண்டு அமெரிக்கர்கள். 2006-ல் நோபல் பரிசு பெற்றார்கள். வைரஸின் உத்தரவைப் போலவே ஒரு இரட்டைச் சீட்டை நாமே எழுதி இறாலுக்குள் அனுப்பினால்? கத்தரிக்கோல் விழித்துக்கொண்டு வைரஸின் உத்தரவையும் வெட்டிப்போடும். இது ஊசியும் அல்ல, மருந்தும் அல்ல. பெயர் எதுவானாலும் காரியம் நடக்கிறது.

இந்த வேலை எங்கோ வெளிநாட்டில் மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள். தோல் தொழிலுக்குப் பெயர்போன மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி இருக்கிறது. அங்கே பேராசிரியர் சாகுல் ஹமீதும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்த இரட்டை இழையைப் பாக்டீரியாவில் உற்பத்தி செய்து, தீவனம் வழியாக வரி இறாலுக்குக் கொடுத்து, நோயைத் தாங்க வைத்து 2008-ல் வெளியிட்டார்கள். மேல்விஷாரத்துக்கு அடுத்த ஊர் ராணிப்பேட்டை. அங்கே 1932 முதல் சர்க்கார் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் நடக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் ஊசி மருந்து அங்கே தயாராகிறது. மாட்டு ஊசியும் இறால் ஆராய்ச்சியும் அக்கம்பக்கத்து ஊர்களில்! தமிழ்நாட்டுக்காரன் பெருமைப்பட இது போதும். ஆனால் பெருமை வேறு, குட்டைக்கு வந்து சேர்வது வேறு. ஆறு லட்சம் இறாலுக்கு, நூறு நாளைக்கு, கட்டுபடியாகும் விலையில் அந்தச் சீட்டை உற்பத்தி செய்ய வேண்டும். அங்கேதான் வண்டி நிற்கிறது.

வெளிநாடுகளில் இந்த வேலையில் தனியார் கம்பெனிகளும் இறங்கியிருக்கின்றன. நாளைக்கு வெற்றி கிடைத்தால் பேடன்ட் யார் கையில், விலை யார் சொல்வது என்பதை இன்றே கேட்டுவைக்க வேண்டும். ராணிப்பேட்டையில் மாட்டுக்குச் செய்ததை இறாலுக்கும் சர்க்கார் செய்யட்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

இப்போது ஒரு எச்சரிக்கை. இல்லாத இடத்தில்தான் போலி முளைக்கும். பண்ணைக் கொட்டகைக்குள் போய்ப் பாருங்கள், அலமாரி நிறைய டப்பா. "எதிர்ப்புச் சக்தி", "வைரஸ் கவசம்", "வாக்சின் மாதிரி" என்று லேபில் பேசுகிறது. அவற்றில் சிலவற்றில் ஈஸ்டிலிருந்து எடுத்த குளுக்கான் போன்ற சரக்கு இருக்கும். இறாலின் காவலரைக் கொஞ்சம் சுறுசுறுப்பாக்கும் என்று பரிசோதனைகள் சொல்வது உண்டு. அதை அந்த அளவில் ஒப்புக்கொள்வோம். ஆனால் அது எந்த ஒரு கிருமியின் முகத்தையும் கற்றுக்கொடுப்பதில்லை. வெள்ளைப்புள்ளி வந்த குட்டையை எழுப்பி உட்காரவைத்ததும் இல்லை. இன்னும் மோசம் ஆன்டிபயாடிக். அது பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸுக்கு அதனால் ஒரு சிராய்ப்பும் இல்லை. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் ஆகியவை இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. திருட்டுத்தனமாகப் போட்டால் சரக்கு அந்நிய நாட்டுத் துறைமுகத்தில் திருப்பி அனுப்பப்படும். அப்போது மூடப்படுவது நம் பெண்கள் உரிக்கும் ஷெட். கையுறை இல்லாமல் அதைத் தீவனத்தில் பிசைகிறவனும் நம் ஆள்தான்.

அப்படியானால் ஊசி இல்லாமல் இத்தனை வருஷம் இறால் எப்படி வளர்கிறது? நோயை உள்ளே விடாமல்தான். அது ஒன்றுதான் இன்றைக்கு வழி.

நோய் மூன்று வழியாக வருகிறது. முதலாவது குஞ்சு. தாய் இறாலுக்கு நோய் இருந்தால் குஞ்சோடு வரும். வரி இறால் காலத்தில் தாய் இறாலைக் கடலில் பிடித்தார்கள்; எதற்கு நோய் இருக்கிறது என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. வனாமியை 2009-ல் வியாபார ரீதியாக அனுமதித்தபோது, குறிப்பிட்ட நோய்கள் இல்லாத தாய் இறாலைத்தான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், அதையும் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திப் பரிசோதித்த பிறகே பொரிப்பகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நோயில்லாத குஞ்சு வேறு, நோயைத் தாங்கும் குஞ்சு வேறு. அம்மை வராத ஊரில் பிறந்த குழந்தையும் அம்மை குத்திய குழந்தையும் ஒன்றல்ல அல்லவா? சுத்தமான குஞ்சை அழுக்குத் தண்ணீரில் விட்டால் எல்லாக் குஞ்சையும் போல அதுவும் சாகும்.

(தாங்கும் ஜாதியை வளர்க்கவும் முயற்சி நடக்கிறது. வனாமிக்கு வரும் டாரா என்ற வேறொரு நோயைத் தாங்கும் வம்சத்தை அமெரிக்காவில் பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கிவிட்டார்கள். ஈக்வடார் தேசத்தில் 1999-ல் வெள்ளைப்புள்ளி புகுந்து பண்ணைகளை அடித்துச் சாய்த்தது; பிழைத்த இறால்களையே தாயாக்கி, நெருக்கத்தைக் குறைத்து, இன்று உலக இறால் ஏற்றுமதியில் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். இதுவும் பல வருஷ வேலை.)

குஞ்சு வாங்கும்போது பி.சி.ஆர். சோதனைச் சீட்டு கேட்கிறார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு தொட்டிக் குஞ்சில் 150-ஐ எடுத்துச் சோதித்தால், நூற்றுக்கு இரண்டு நோய் இருந்தாலும் பெரும்பாலும் சிக்கிவிடும். ஐந்தோ பத்தோ எடுத்துச் சோதித்தால் சீட்டில் கையெழுத்துதான் சுத்தம். எத்தனை குஞ்சு எடுத்தார்கள் என்று யாராவது கேட்கிறார்களா?

இரண்டாவது வழி தண்ணீர். மூன்றாவது, தண்ணீரோடும் தண்ணீர் இல்லாமலும் வருகிறவை: நண்டு, கழியிலுள்ள சிறு இறால், செத்ததைக் கொத்திக்கொண்டு பறக்கும் பறவை, ஒரு குட்டையின் வலை, வாளி, நம்முடைய கால். நண்டுக்கு வேலி, பறவைக்கு மேலே கயிறு, தண்ணீருக்கு வடிகட்டிப் பையும் குளோரினும், காலுக்கு மருந்துத் தொட்டி என்று எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. வேலி போட்டு, குட்டைக்கொரு வலை வாங்கி வைக்கப் பணம் செலவு செய்யாமல், "நீ ஏன் அந்தக் குட்டை வாளியை இங்கே கொண்டுவந்தாய்?" என்று தொழிலாளியை அதட்டுவது மட்டும் இலவசம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் முடிச்சு இருக்கிறது. மாட்டுக்கு ஊசி போட்டால் பக்கத்து வீட்டுக்காரன் போடாவிட்டாலும் நம் மாடு ஓரளவு தப்பும். இறாலில் அந்தத் தனி யோகம் இல்லை. ஒரே உப்பாற்றில் ஐம்பது குட்டை தண்ணீர் எடுக்கிறது. அதே உப்பாற்றில் ஐம்பதும் தண்ணீர் விடுகிறது. மேலே இருப்பவன் விடுகிற தண்ணீர் கீழே இருப்பவனுடைய பம்பு வாயில். நோய் கண்டால் வலை வீசித்தான் பிடிக்க வேண்டும், மதகைத் திறக்கக் கூடாது, தண்ணீரைக் குளோரின் போட்டு அதன் காரம் தணிந்த பிறகே வெளியே விட வேண்டும் என்று வனாமி வளர்ப்புக்கு விதியே இருக்கிறது. நடப்பது என்ன? நோய் என்று தெரிந்தால் வியாபாரி விலையை அடிப்பான். குத்தகைக்காரனுக்குக் கடன்காரன் கழுத்தில் துண்டு போடுவான். ஆகவே ராத்திரியோடு ராத்திரியாக மதகுப் பலகை தூக்கப்படுகிறது. காலையில் குட்டை காலி, வாய்க்காலில் வைரஸ், பத்தாம் நாள் பக்கத்துக் குட்டையில் ஒப்பாரி.

இதில் முதலாளிகள் எல்லோரையும் ஒரே தராசில் வைக்க நாம் தயாரில்லை. இரண்டு ஏக்கர் குத்தகை எடுத்துத் தானும் பெண்டாட்டியும் தீவனம் போடுகிறவனும் இருக்கிறான். பட்டணத்தில் உட்கார்ந்து டெலிபோனில் நூறு ஏக்கர் நடத்துகிறவனும் இருக்கிறான். இரண்டாமவன் ஒரு பயிர் போனால் அடுத்த பயிர் வைப்பான். முதலாமவன் நம்மோடு வந்து கூலிக்கு நிற்பான்.

சிறு குத்தகைக்காரர்கள் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திராவில் மேற்குக் கோதாவரி ஜில்லா மொகல்தூர் உதாரணம். 2000-க்குப் பிறகு அங்கே ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் ஒரு திட்டம் நடத்தியது. ஒரே வாய்க்காலைச் சேர்ந்த சிறு விவசாயிகள் சங்கம் போல் கூடினார்கள். சோதித்த குஞ்சைச் சேர்ந்து வாங்கினார்கள், ஒரே சமயத்தில் விட்டார்கள், நோய் கண்டால் மறைக்காமல் ஒருவருக்கொருவர் சொன்னார்கள், அந்த நாட்களில் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினார்கள். நோய் அறவே ஒழிந்துவிடவில்லை. ஆனால் நஷ்டம் குறைந்தது. அந்த அனுபவத்தை வைத்து, இம்மாதிரி சங்கங்களை மற்ற இடங்களிலும் அமைக்க 2007-ல் தனி நிலையமே ஏற்படுத்தினார்கள்.

ஆனால் அந்தச் சங்கங்களில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. நோயை முதலில் பார்ப்பவன் யார்? சொந்தக்காரன் அல்ல, குத்தகைக்காரன் அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துக் கரையைச் சுற்றுகிறவன்! தீவனத் தட்டைத் தூக்கிப் பார்த்து, "நேற்றுப் போட்டது அப்படியே இருக்கிறதே" என்று சந்தேகப்படுகிறவன்! வைரஸ் விஷயத்தில் ஒரு நாள் முந்திச் சொல்வது பெரிய லாபம். ஆனால் அவன் சொல்வதில்லை. ஏன்? பல பண்ணைகளில் அவனுக்கு மாதச் சம்பளம் கொஞ்சம். அறுவடையில் கொஞ்சம் சேர்த்துத் தருவோம் என்று பேச்சு. பயிர் போனால் அந்தப் பேச்சும் போகும். போதாததற்கு, "நீ தீவனத்தைக் கூடப் போட்டதால்தான் வந்தது, நீ சக்கரத்தை நிறுத்தித் தூங்கினதால்தான் வந்தது" என்று பழியும் வரும். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் நாலு நாள் ஓடும் என்றால் எந்த ஏழை வாய் திறப்பான்?

நாங்கள் சொல்வது இதுதான். ஊசி இல்லாத பிராணிக்குக் காவல்தான் ஊசி. அந்தக் காவலனின் மாதச் சம்பளம் இறாலின் உயிரோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கக் கூடாது. பயிர் போனாலும் பேசிய நாள் வரை சம்பளம். நோயைச் சொன்னதற்காக வேலை நீக்கம் இல்லை. வலையும் வாளியும் பூட்ஸும் குட்டைக்கு ஒரு செட்டு பண்ணையின் செலவில். இதைக் கேட்பது கூலிச் சண்டை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கூலிச் சண்டைதான், இறாலையும் காப்பாற்றுகிற கூலிச் சண்டை.

மற்ற நோய்களைப் பற்றிச் சுருக்கமாக. 2009-லிருந்து சீனாவில் தொடங்கி ஆசிய நாடுகளில் குஞ்சு விட்ட சில வாரத்திலேயே கொல்லும் ஒரு நோய் பரவியது. அது வைரஸ் அல்ல, விஷம் கக்கும் ஒரு பாக்டீரியா என்று 2013-ல் அமெரிக்காவில் லைட்னர் என்ற விஞ்ஞானியின் குழு கண்டுபிடித்தது. இ.எச்.பி. என்ற இன்னொன்று கொல்லாது, வளரவிடாமல் செய்யும். நூறு நாள் தீவனம் தின்று, இறால் விரல் அளவே நிற்கும். அதற்கும் ஊசி கிடையாது. அதன் வித்து குட்டை மண்ணில் கிடக்கும். அறுவடைக்குப் பிறகு தரையை நன்றாகக் காயவிட்டு, சுட்ட சுண்ணாம்பு போட்டு உழுதால்தான் சாகும். அந்தச் சுண்ணாம்பை வெறும் கையால் வீசாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடியும் கையுறையும் கேட்டு வாங்குங்கள்.

"ஊசி என்றைக்கு வரும்?" என்று இன்னொரு தோழர் எழுந்து கேட்டார். வருஷம் குறித்துச் சொல்ல எங்களால் முடியாது, சொல்கிறவனை நம்பாதீர்கள். வந்தால் அது குத்துகிற ஊசியாக இராது, தின்கிற தீவனமாக இருக்கும். அன்று யாராவது ஒரு டப்பாவைக் கொண்டுவந்து "வந்துவிட்டது" என்றால், எந்த நோய்க்கு, எத்தனை நாளைக்கு, தொட்டியில் பார்த்ததா, குட்டையில் பார்த்ததா, மருந்து போடாத குட்டையை பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவன் தானே டப்பாவை மூடிக்கொண்டு போவான்.

அதுவரைக்கும், இன்று இரவு காவலுக்குப் போகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தட்டில் தீவனம் மிச்சம் இருந்தால், கரையோரம் இறால் ஒதுங்கி நின்றால், மதகுப் பலகையில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். செத்ததை வாய்க்காலில் எறியாதீர்கள். குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். பண்ணைக்காரரை எழுப்புங்கள். அவர் எழுந்து வருவதற்குள், அடுத்த குட்டைக் காவல்காரனுக்கு டார்ச் அடித்துச் சேதி சொல்லுங்கள்.